எட்டுத் தாமரை, 144 ஆலயங்கள்: குழந்தைகளுக்குப் பெருக்கல் கற்பிக்கும் முறை

ஓர் ஆலயத்திற்கு எட்டுத் தாமரை மலர்கள் வீதம் 144 ஜினாலயங்களுக்கு மலர் அர்ப்பணித்தால் மொத்த மலர்கள் எத்தனை? இக்கணக்கு இன்றைய பள்ளிப் பாடநூலில் உள்ளதன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த ஜைனக் கணித மேதை மகாவீராசாரியர், தாம் வடமொழியில் இயற்றிய 'கணிதசாரசங்கிரகம்' என்னும் நூலில், பெருக்கல் கற்கும் மாணாக்கனுக்குத் தொடக்கப் பயிற்சியாக வைத்த கணக்கு இது. இவ்வாசிரியர் 24ஆம் தீர்த்தங்கரராகிய பகவான் மகாவீரர் அல்லர்; அவர்தம் திருப்பெயரைத் தாங்கி, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர்த் தோன்றியவர். குழந்தைகள் பெயரொற்றுமையால் மயங்கக்கூடுமாதலின் இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று.

இந்நூலைப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புரைகளுடனும் 1912இல் சென்னையில் பதிப்பித்து வெளியிட்டார். மகாவீராசாரியர் கணிதத்தின் அடிப்படைச் செயல்களை எட்டாக வகுத்து, அவற்றுள் முதலாவதாகப் பெருக்கலையே வைக்கின்றார். எளிய கூட்டலையும் கழித்தலையும் மாணாக்கன் முன்னரே அறிந்திருப்பான் என்று கருதினார் போலும். அடுத்த கணக்கில் ஓர் ஆலயத்திற்கு ஒன்பது பதுமராக மணிகள் வீதம் 288 ஆலயங்களுக்கு எத்தனை மணிகள் என்று வினவுகின்றார். இவ்விரு கணக்குகளும், ஓர் இலக்க எண்ணால் பல இலக்க எண்ணைப் பெருக்கும் சிறு பெருக்கல் கணக்குகளே. அதாவது, நம் வீட்டில் மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் பயிலும் குழந்தை இன்று எந்த இடத்தில் திகைத்து நிற்கின்றதோ, அதே இடத்திற்குரிய கணக்குகள்.

திகைத்து நிற்கின்றது என்று நாம் கூறுவது மிகையன்று. வாய்ப்பாட்டை மழலை மாறாமல் ஒப்பிக்கும் குழந்தை, கூட்டலைப் பிழையின்றிச் செய்யும் குழந்தை, 144ஐ 8ஆல் பெருக்குக என்றவுடன் தடுமாறுகின்றது. இங்குத்தான் முதன்முறையாக ஒரே கணக்கினுள் பெருக்கவும், வந்த விடையைப் பிரிக்கவும், பிரித்ததில் ஒரு பகுதியை நினைவில் தாங்கவும், மீண்டும் பெருக்கவும், தாங்கியதைக் கூட்டவும் வேண்டியிருக்கின்றது. ஐந்து செயல்கள் மாறிமாறி வரும்பொழுது ஒன்று தவறுகின்றது. நோட்டில் சிவப்பு மை விழுகின்றது. வீட்டில் "கவனம் போதாது" என்ற சொல் எழுகின்றது. சில மாதங்களில் "எனக்குக் கணக்கு வராது" என்று குழந்தையே சொல்லத் தொடங்கிவிடும். எட்டு வயதில் இவ்வாறு தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட குழந்தையைப் பின்னர் மீட்பது எளிதன்று. எனவே இவ்வோரிடத்தில் பெற்றோராகிய நாம் சற்றுப் பொறுமையுடன் துணை நிற்றல் வேண்டும். அதற்குப் பெரிய கணிதப் பயிற்சி தேவையில்லை. தவறான விடையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

தவறான விடை பேசும் மொழி

நான்கு குழந்தைகள் மேற்சொன்ன தாமரைக் கணக்கைச் செய்து நான்கு தவறான விடைகளைக் கொணர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 1152. ஒரு குழந்தை 83232 என்றும், மற்றொன்று 822 என்றும், வேறொன்று 1233 என்றும், நான்காவது 4862 என்றும் எழுதியுள்ளன. நான்கிற்கும் ஒரே பெருக்கற்குறி இட்டுத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம். ஆயினும் இந்நான்கும் நான்கு வேறு நோய்கள், மருந்தும் வேறுவேறு.

83232 என்ற விடையைக் காண்போம். நாலெட்டு முப்பத்திரண்டு என்று 32ஐ முழுமையாக எழுதி, அடுத்த நான்கிற்கும் 32 எழுதி, ஓரெட்டு எட்டு என்று முன்னே 8 சேர்த்திருக்கின்றது. வாய்ப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. ஓர் இடத்தில் ஓர் இலக்கமே குடியிருக்க முடியும் என்பது மட்டும் இக்குழந்தைக்கு விளங்கவில்லை. இக்குழந்தையை மீண்டும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதை ஒக்கும்.

822 எழுதிய குழந்தை, ஓர் இடத்தில் ஓர் இலக்கம் என்பதை அறிந்துள்ளது. 32இல் 2ஐ எழுதியது. 3ஐ எங்கோ விட்டுவிட்டது. அடுத்த 32இலும் அவ்வாறே. இதற்கு மறதி ஒரு காரணம் எனினும், நாம் பயன்படுத்தும் ஒரு சொல்லும் காரணம் என்பது நம் கருத்து. "ரெண்டு போட்டு மீதி மூணு" என்பது வீடுகளில் வழங்கும் பேச்சு. மீதி என்பது என்ன? உண்டது போக இலையில் எஞ்சியது, செலவு போகப் பையில் நின்றது. வகுத்தலிலும் இறுதியில் எஞ்சி நிற்பதற்கே மீதி என்று பெயர். ஆனால் இங்கு அந்த 3 எஞ்சியது அன்று. மூன்று பத்துகள், அதாவது முப்பது. எழுதப்பட்ட 2ஐவிடப் பதினைந்து மடங்கு பெரியது! பெரியதை மீதி என்று அழைத்துச் சிறியதை விடை என்று எழுதச் சொன்னால், மீதியைக் குழந்தை கைவிடுவதில் வியப்பில்லை. பாடநூல்களில் வழங்கும் 'இனமாற்றம்' என்ற சொல் இதனினும் மேலானது. ஒன்றுகள் பத்துகளாக இனம் மாறுகின்றன என்பது அதன் பொருள். அச்சொல் கடினமாகத் தோன்றின், "ரெண்டு ஒன்று இங்கே, மூணு பத்து அடுத்த வீட்டுக்கு" என்று சொல்லிப் பழக்கலாம்.

1233 என்ற விடை சற்று விந்தையானது. இக்குழந்தை 32இல் 3ஐ எழுதி 2ஐ எடுத்துச் சென்றது. பின்னர் 32உடன் அந்த 2ஐக் கூட்டி 34 ஆக்கி, 3ஐ எழுதி 4ஐ எடுத்துச் சென்றது. எட்டுடன் நான்கு சேர்ந்து 12. முறை முழுவதும் ஒழுங்காகவே உள்ளது. எதனை எழுதுவது, எதனை அனுப்புவது என்பது மட்டும் தலைகீழ். முப்பத்திரண்டு என்று சொல்லும்பொழுது முப்பது முதலில் செவியில் விழுகின்றது. முதலில் கேட்டதை முதலில் எழுதியது குழந்தை. காரணத்தோடு கூடிய தவறு இது.

4862 எழுதியதே நம் கருத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. இக்குழந்தை 2 எழுதி, 3ஐ அடுத்த 4இன் தலைமேல் சரியாகக் குறித்தது. பின்னர் நான்கையும் மூன்றையும் கூட்டி ஏழாக்கி, ஏழெட்டு ஐம்பத்தாறு என்றது. 6 எழுதி, 5ஐ 1இன் தலைமேல் குறித்து, ஆறு ஆக்கி, ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று முடித்தது. ஏன் இவ்வாறு? சென்ற ஆண்டு கூட்டல் கற்கையில், தலைமேல் குறித்த எண்ணை முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று நாமே பழக்கியிருக்கின்றோம். நன்றாகப் படித்த பழைய பாடமே புதிய பாடத்தில் இடறிவிடுகின்றது. அந்த 3 ஏற்கெனவே எட்டால் பெருக்கி வந்த மலர்கள். அவற்றை மறுபடியும் எட்டால் பெருக்குவது ஒரே மலரை எட்டு முறை எண்ணுவதாகும். இதனைச் சொற்களால் விளக்குவதைவிட ஒரு சிறு மாற்றத்தால் தடுக்கலாம். எடுத்துச் செல்லும் எண்ணை மேலிலக்கத்தின் தலைமேல் எழுதாமல், விடைக் கோட்டின்கீழ், அடுத்த இடத்தில் சிறிதாக எழுதச் செய்ய வேண்டும். பெருக்கி முடித்து விடை எழுத வரும்பொழுதுதான் அது கண்ணில் படும். எனவே பெருக்கிய பின்னரே கூட்டப்படும். பள்ளியில் தலைமேல் எழுதும் முறையைக் கற்பித்திருப்பின், அதற்கு மாறாக வீட்டில் செய்யவைப்பது குழப்பம் தரும் என்று சிலர் அஞ்சுவர். ஆசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவைத்தால் இவ்வச்சம் தீரும்.

கையால் கட்டிய கட்டுகள்

நோயைக் கண்டபின் மருந்துக்கு வருவோம். சுருக்க முறையைத் தொடங்குமுன், பொருள்களைக் கொண்டு சில நாள்கள் செய்தல் வேண்டும். தென்னை ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கி வைத்துக்கொள்ளலாம். பத்துக் குச்சிகளை ரப்பர் வளையமிட்டுக் கட்டினால் ஒரு கட்டு. 16ஐ 4ஆல் பெருக்குவதாகக் கொள்வோம். ஒரு கட்டும் ஆறு குச்சிகளும் கொண்ட குவியல்கள் நான்கு. தனிக் குச்சிகளை ஒன்றுசேர்த்தால் 24. அவற்றுள் இரண்டு கட்டுகள் கட்டலாம். நான்கு குச்சிகள் தனியே நிற்கும். முன்னிருந்த கட்டுகள் நான்கு, புதியவை இரண்டு, ஆகக் கட்டுகள் ஆறு, குச்சிகள் நான்கு, 64.

இங்கு ஒரு விதியைப் பெற்றோர் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் வேண்டும். கட்டுகளைக் குழந்தையே கட்ட வேண்டும். வளையத்தை இழுத்து மாட்டுவதற்கு நேரம் ஆகும். நமக்குப் பொறுமை குறையும். நாமே கட்டிக் கொடுத்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்யின் பாடமே போய்விடும். இருபது குச்சிகள் இரண்டு கட்டுகளாகி, ஒன்றுகளின் வரிசையை விட்டுப் பத்துகளின் வரிசைக்குச் செல்லும் அந்தக் கணத்தைத்தான் பின்னர்த் தாளில் ஒரு சிறு எண்ணாக எழுதப்போகின்றோம். கையால் கட்டிய குழந்தைக்கு அச்சிறு எண் எதனைக் குறிக்கின்றது என்பது மறக்காது.

ஒரு ரூபாய் நாணயங்களையும் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களையும் கொண்டும் இதனைச் செய்யலாம். ஆயினும் முதலில் ஈர்க்கே சிறந்தது. பத்து நாணயங்களுக்குப் பதில் ஒரு தாள் என்பது உடன்பாடு. பத்துக் குச்சிகள் ஒரு கட்டு என்பதோ கண்கூடு. கட்டை அவிழ்த்தால் பத்தும் அங்கேயே இருக்கும்.

நம் தாய்மொழியும் இப்பாடத்திற்கு உற்ற துணை. முப்பத்திரண்டு என்ற சொல்லே மூன்று பத்தும் இரண்டும் என்று பிரித்துக் காட்டுகின்றது. பழந்தமிழ் எண் எழுத்து இன்னும் தெளிவு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தமையால், 32ஐ ௩௰௨ என்றும் 144ஐ ௱௪௰௪ என்றும் எழுதினர். இவ்வாறு எழுதும்பொழுது மூன்று என்பது மூன்று பத்து என்பதை யாரும் மறக்க இயலாது. வீட்டில் எண்சுவடி பயின்ற முதியோர் உளராயின், அவர்களைக் கொண்டு குழந்தைக்கு இக்குறிகளை எழுதிக் காட்டச் சொல்லலாம். ஓரிடத்தில் மட்டும் தமிழ்ச் சொல் குழந்தையை மயக்கும்: தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தொண்ணூறு வரும்பொழுது 900 என எழுதும் குழந்தையைக் கடிந்துகொள்ளற்க. அது செவியால் கேட்டதையே எழுதியுள்ளது.

விரித்து எழுதி, பின் சுருக்குதல்

குச்சிகளுக்கு அடுத்த படி விரித்தெழுதுதல். 144 என்பது 100, 40, 4 ஆகியவற்றின் கூட்டு. நான்கு ஆலயங்களுக்கு எட்டு வீதம் 32 தாமரை; நாற்பது ஆலயங்களுக்கு 320; நூறு ஆலயங்களுக்கு 800. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் 1152. இம்முறையில் எடுத்துச் செல்வது என்பதே இல்லை. கூட்டலில் தானே நிகழ்ந்துவிடும். பலர் இதனை நீண்ட வழி என்று எண்ணி ஒரே நாளில் தாண்டிவிடுகின்றனர். அது கூடாது. "இவ்வளவு பூச்சியங்களை ஏன் எழுத வேண்டும், சுருக்கமாக வழியில்லையா?" என்று குழந்தையே சலித்துக் கேட்கும்வரை இம்முறையிலேயே இருக்க வேண்டும் என்பது நம் துணிபு. அக்கேள்வி ஒரு வாரத்தில் வரலாம். ஒரு மாதமும் ஆகலாம். கேட்டபின் கொடுக்கும் சுருக்கவழி குழந்தையின் உடைமையாகிவிடும்.

இவ்விடத்தில் முன்னோர் கையாண்ட ஒரு முறையையும் காண்போம். மகாவீராசாரியர் பெருக்கலுக்குக் கூறும் வழிகளுள் ஒன்று கபாடசந்தி எனப்படுவது. கபாடம் என்பது கதவு. பெருக்கும் எண்ணையும் பெருக்கப்படும் எண்ணையும் கதவின் இணைப்புப் போல ஒன்றன்கீழ் ஒன்று பொருத்தி வைத்து, நேர் வரிசையிலோ எதிர் வரிசையிலோ இலக்கம் இலக்கமாகப் பெருக்கிச் செல்வர். அக்காலத்தில் கணக்கிடப் பலகையும் அதன்மேல் பரப்பிய மணலும் அல்லது சுண்ணக் குச்சியும் பயன்பட்டன. எழுதிய இலக்கத்தை விரலால் அழித்து மாற்றி எழுதுவது எளிது. ஆகவே இடப்புறத்திலிருந்து தொடங்குவதிலும் இடையூறு இல்லை.

இதனைச் சிலேட்டில் செய்து காட்டினால் குழந்தைகள் பெரிதும் மகிழ்வர். சிலேட்டில் 144 என்று எழுதுக. இடப்பக்கத்து 1ஐ எட்டால் பெருக்கி, 1ஐ அழித்து அவ்விடத்தில் 8 எழுதுக. இப்போது 8, 4, 4. அடுத்த 4ஐ எட்டால் பெருக்கினால் 32. அந்த 4ஐ அழித்து 2 எழுதுக; மூன்று அண்டை வீட்டுக்குச் செல்ல வேண்டும்; அங்கிருந்த 8ஐ அழித்து 11 என்று எழுதுக. இப்போது 11, 2, 4. கடைசி 4ஐப் பெருக்கினால் மீண்டும் 32. அதை அழித்து 2 எழுதி, அண்டை வீட்டு 2உடன் 3 சேர்த்து 5 ஆக்குக. விடை 1152. ஒவ்வொரு முறையும் அண்டை வீட்டு எண்ணை அழித்து மாற்றுவதனால், எடுத்துச் செல்லும் எண் எங்கே சென்றது, என்ன செய்தது என்பது கண்ணுக்கு நேரே நடக்கின்றது.

பிறகு குழந்தையிடம் தாளும் மைப்பேனாவும் கொடுத்து இதையே செய்யச் சொல்லுங்கள். அடித்தலும் திருத்தலுமாகத் தாள் அலங்கோலமாகும். வலப்புறத்திலிருந்து தொடங்கினால் எழுதிய இலக்கத்தை மறுபடி தொட வேண்டியதில்லை என்பதை அப்போது எடுத்துக் காட்டலாம். பெருக்கலை ஏன் வலப்புறத்திலிருந்து செய்கின்றோம் என்று கேட்டால் "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. காரணம் தாளும் மையும்தான்.

இனிச் சுருக்க முறை. பதுமராக மணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 288ஐ 9ஆல் பெருக்க வேண்டும். எட்டொன்பது எழுபத்திரண்டு; 2 எழுதி, 7 அடுத்த இடத்திற்கு. மீண்டும் எட்டொன்பது எழுபத்திரண்டு. அதனுடன் வந்து நின்ற 7 சேர எழுபத்தொன்பது. 9 எழுதி, 7 அடுத்த இடத்திற்கு. ஈரொன்பது பதினெட்டு, ஏழு சேர இருபத்தைந்து. விடை 2592. பத்து ஆலயங்களுக்குக் கணக்கிடுவது போல 2880 என்று கொண்டு, அதிலிருந்து 288ஐக் கழித்தாலும் 2592 வரும். ஒரே கணக்கை இருவழியில் செய்து ஒரே விடை காண்பதில் குழந்தைக்கு ஒரு தனி இன்பம் உண்டு.

பெற்றோர்க்குப் பயன்படும் ஓர் உண்மையை இங்கே குறிப்பிட வேண்டும். எடுத்துச் செல்லும் எண் எப்போதும் பெருக்கும் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். எட்டால் பெருக்கும்பொழுது மிகப் பெரிய இலக்கம் 9; ஒன்பதெட்டு 72; முன்னிருந்து 7 வந்தாலும் 79. ஆகவே 7க்கு மேல் எடுத்துச் செல்ல நேராது. எட்டால் பெருக்கும் கணக்கில் குழந்தை 8 அல்லது 9 என்று சிறிதாகக் குறித்திருந்தால், விடையைப் பார்க்காமலேயே அவ்விடத்தில் பிழை என்று அறியலாம்.

பூச்சியம் வரும் கணக்குகளுக்குத் தனிப் பயிற்சி தேவை. 306ஐ 7ஆல் பெருக்கும்பொழுது 42இல் 2 எழுதி 4 எடுத்துச் செல்கின்றோம். அடுத்து நிற்பது பூச்சியம். ஏழு பூச்சியம் பூச்சியம். அந்த வெற்றிடத்தில் வந்த 4 குடியேறுகின்றது. மூவேழு இருபத்தொன்று. விடை 2142. சில குழந்தைகள் பூச்சியத்தின் இடத்தில் பூச்சியமே எழுதி, 4ஐ அதனைத் தாண்டி 21உடன் சேர்த்து 2502 என்று எழுதுவர். "பத்துகள் வீட்டில் யாரும் இல்லை; வந்த நான்கு பத்துகள் அங்கே தங்கலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் விளங்கிவிடும். இன்னொரு வகைக் கணக்கு விடையில் பூச்சியம் வருவது. 75 கிலோ நெல் மூட்டைகள் ஆறு எனில், ஆறைந்து முப்பதில் பூச்சியம் எழுதி 3 செல்ல, ஆறேழு நாற்பத்திரண்டும் மூன்றும் 45. மொத்தம் 450 கிலோ. அந்தப் பூச்சியத்தை எழுதாமல் 45 என்று விட்டுவிட்டால் ஆறு மூட்டை நெல் ஒரு மூட்டையிலும் குறைந்துவிடும். விவசாயக் குடும்பத்துக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

விடையைச் சோதித்தல்

விடையைத் தானே சோதிக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வருதல் நலம். தோராய மதிப்பீடு ஒரு வழி. 144 என்பது 150க்கு அருகில்; 150ஐ எட்டால் பெருக்கினால் 1200; ஆகவே விடை 1200க்குச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். 83232, 4862, 822 ஆகிய மூன்றும் இச்சோதனையில் அகப்பட்டுவிடும். 1233 சற்று மிகையாயினும் அருகில் நிற்பதால், தோராயமாகப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் ஒன்பதின் சோதனையைப் பெரியோர் சிலர் அறிந்திருப்பர். 144இன் இலக்கங்களைக் கூட்டினால் 9; அதனை 8ஆல் பெருக்கினால் 72; 7உம் 2உம் சேர்ந்து 9. விடையாகிய 1152இன் இலக்கங்களும் கூடி 9 ஆகின்றன. 822இன் இலக்கங்கள் 12, பின் 3; பொருந்தவில்லை. 4862இன் இலக்கங்கள் 20, பின் 2, அதுவும் பொருந்தவில்லை. ஆனால் 1233இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 9. 83232இன் இலக்கங்கள் 18, பின் 9. இரண்டு தவறான விடைகளும் சோதனையில் தேறிவிடுகின்றன! பத்தை ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவது ஒன்றாதலால், மூன்று பத்துகளும் மூன்று ஒன்றுகளும் இச்சோதனைக்கு ஒரே தன்மையன. இடத்தை மாற்றி வைத்த பிழையை இது ஒருபோதும் காட்டாது. இச்சோதனையை முற்றாக நம்பிக் குழந்தையின் விடையைச் சரியென்று சொல்லிவிடும் பெரியோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

1233 என்பதன் பிழையைக் காட்டிக்கொடுப்பது மிக எளிய ஒன்று. நாலெட்டு முப்பத்திரண்டு, எனவே விடையின் கடைசி இலக்கம் 2 ஆகவே இருத்தல் வேண்டும். தோராய மதிப்பு, கடைசி இலக்கம், ஒன்பதின் சோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தப்பும் பிழைகள் மிகச் சிலவே.

இவையனைத்திலும் மேலானது, விடையே தன்னைச் சோதித்துக்கொள்ளும் கணக்கு. இதிலும் மகாவீராசாரியரே நமக்கு வழிகாட்டி. பெருக்கற்பலனின் இலக்கங்கள் மணிகளைக் கோத்தாற்போல் ஒழுங்காக அமையும் கணக்குகள் சிலவற்றைத் தம் நூலில் தந்து, அவ்விடைகளைக் கழுத்தணி எனப் போற்றுகின்றார். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. அது பெரிய பிள்ளைகளுக்கு உரியது. சிறு பெருக்கல் பயிலும் குழந்தைக்கு 12345679ஐ 9ஆல் பெருக்கும் கணக்கைக் கொடுக்கலாம். 8 என்னும் இலக்கம் இதில் இல்லை என்பதைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். இல்லையேல் அதுவே சேர்த்து எழுதிவிடும்.

ஒன்பதொன்பது எண்பத்தொன்று, 1 எழுதி 8 செல்லும். ஏழொன்பது அறுபத்துமூன்றும் எட்டும் எழுபத்தொன்று. 1 எழுதி 7 செல்லும். ஆறொன்பது ஐம்பத்துநான்கும் ஏழும் அறுபத்தொன்று. 1 எழுதி 6 செல்லும். இவ்வாறு எடுத்துச் செல்லும் எண்கள் 8, 7, 6, 5, 4, 3, 2 என்று படிப்படியாக இறங்கிவர, விடையில் ஒன்றுகளே வரிசையாக விழும். ஒன்பது ஒன்றுகள் கொண்ட மாலை: 111111111. நடுவில் எங்கேனும் ஒரு முறை எடுத்துச் செல்ல மறந்தாலும், கூட்டிப் பெருக்கினாலும் மாலை அறுந்துவிடும். எந்த இடத்தில் அறுந்தது என்பதும் குழந்தைக்கே தெரியும். நாம் சிவப்பு மையைத் தேட வேண்டியதில்லை. பிழை கண்டு கடிந்துகொள்ளும் வேலையை எண்களே ஏற்றுக்கொண்டு, நம்மைக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகின்றன.

அதே நூலில் உள்ள மற்றொரு கணக்கு, 142857143ஐ 7ஆல் பெருக்குவது. மூவேழு இருபத்தொன்றில் 1 எழுதி 2 செல்லும். நாலேழு இருபத்தெட்டும் இரண்டும் முப்பது. பூச்சியம் எழுதி 3 செல்லும். ஓரேழு ஏழும் மூன்றும் பத்து. பூச்சியம் எழுதி 1 செல்லும். ஏழேழு நாற்பத்தொன்பதும் ஒன்றும் ஐம்பது. இப்படியே பூச்சியங்கள் தொடர்ந்து, இறுதியில் 1000000001, அதாவது நூறு கோடியே ஒன்று என முடியும். வந்து சேரும் எண் ஒவ்வொன்றும் பெருக்கியதை நிறைவித்து முழுப் பத்தாக்கிவிடுகின்றது. மீதி என்று நாம் அழைத்த அந்தச் சிறு எண்ணின் பெருமையை இதைவிட நன்றாகக் காட்டும் கணக்கை நாம் அறியோம்.

அடுத்த ஞாயிறன்று ஓய்வாக இருக்கும்பொழுது குழந்தைகளுக்குக் கொடுக்க இரண்டு கணக்குகளைத் தருகின்றோம். 37037037ஐ 3ஆல் பெருக்குக. இதில் பூச்சியங்கள் இரண்டு உள்ளமையால் மேலே சொன்ன பூச்சியப் பாடத்திற்கும் பயிற்சியாகும். 14287143ஐ 7ஆல் பெருக்குக; இது கணிதசாரசங்கிரகத்தில் உள்ளது. இவற்றின் விடைகளை இங்கே அச்சிடவில்லை. மாலை அமைந்ததா என்பதைக் குழந்தைகளே கண்டு சொல்வர்.